பதினொரு புளியங்கொட்டை

ஒன்பது ஐம்பதுக்கு வரவேண்டிய பேருந்துக்காக கோகிலவாணி ஒன்பதரைக்கே வந்து நின்றுவிட்டாள். இப்படி முன்கூட்டியே வந்து நிற்பதெல்லாம் பதற்றத்தின் வேலை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். மனநலப் பகல் பராமரிப்பு நிலையத்தில் அவள் மேசைமேல் உளவியலாளர் என்று பலகையே இருக்கிறது. பலகை மேசையோடு நின்றுவிட்டது, பதற்றம் மட்டும் கூடவே வந்துவிட்டது. பாளையங்கோட்டையின் இந்த நிறுத்தத்துக்கு நிழற்குடை உண்டு, நிழல்தான் கிடையாது. காலை வெயில் தகரத்துக்குக் கீழே புகுந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அவள் பச்சைத் தூணை ஒட்டி நின்றாள். அந்தத் தூண்தான் பேச்சு. நீங்க இறங்கினாப் போதுங்க நயினார், பச்சைத் தூண்கிட்ட நான் நிப்பேன் என்று சொல்லியிருந்தாள். ஆறுமுகநயினாருக்கு முப்பத்தாறு வயது. பதின்மூன்று வருடமாக அவர் தனியாகப் பேருந்து ஏறியதில்லை. அவருடைய அம்மா உலகம்மாள் மணிக்கட்டைப் பிடித்து ஏற்றுவாள், பிடித்தபடியே இறக்குவாள், நிலையத்து பெஞ்சில் மாலைவரை உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு உலகம்மாள் பேட்டையில் வீட்டோடு இருக்கிறாள், நயினார் மட்டும் வருகிறார். வரவேண்டும். வந்தால் திங்கட்கிழமை முதல் மோட்டார் காயில் கட்டும் கடையில் அரைநாள் வேலை. கடைக்காரர் இப்ராகிம் அண்ணாச்சி நல்ல மனிதர், ஆனால் கறார். "ஆளு தனியா வரணும், தனியா போவணும் மேடம். அம்மையக் கூட்டிக்கிட்டு வார ஆள நான் எப்படி வேலைக்கு வைக்க?" என்று கேட்டார், அதில் ஒன்றும் தப்பில்லை. இன்றைக்கு வெள்ளி. இன்று நடக்கவில்லையென்றால் அண்ணாச்சி வேறு ஆள் பார்த்துக்கொள்வார், உலகம்மாள் மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள், மறுபடி அந்தப் பெஞ்சு, நினைக்காதே என்று நினைத்தாள். நினைக்காதே என்று அதட்டினால் நினைப்பு போகாது என்பதையும் புதன்கிழமைதோறும் அவள்தான் பாடமாக நடத்துகிறாள்.

புளியங்கொட்டைகள் சரியாகப் பதினொன்று இருக்குமா? இருக்கும், நயினார் எண்ணினால் பிசகாது. முதலில் நிறுத்தங்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கலாமென்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் நயினாருக்குப் பெயர்ப்பலகைகளோடு நீண்ட நாள் தகராறு. ஜவுளிக்கடைப் பலகை, பல் மருத்துவர் பலகை எல்லாம் அவரைப் பார்த்துத்தான் பேசும். நோய் முற்றியிருந்த சமயத்தில் ஒரு பலகை இறங்கு என்றிருக்கிறது, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கியிருக்கிறார், முழங்காலில் தழும்பு இருக்கிறது. மாத்திரை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தபிறகு பலகைகள் முணுமுணுப்பதோடு சரி. இருந்தாலும் படிக்கிற வேலை வேண்டாம் மேடம் என்றார். கண்டக்டர் பெயர் சொல்லிக் கத்துவதும் உதவாது, அந்தச் சத்தத்துக்குள் சூப்பர்வைசர் புகுந்துகொள்வார். சூப்பர்வைசர் என்பது நயினாருக்குக் கேட்கும் குரல். இருபத்து மூன்று வயதில் மில்லில் சேர்ந்த மூன்றாம் மாதம் வந்தவர், நயினார் மில்லை விட்டு நின்றபோதும் கூடவே கிளம்பி வந்துவிட்டார். "நீங்களும் அப்படி ஒரு ஆளே இல்லேன்னு சொல்லுவியளா?" என்று முதல் நாள் நயினார் கேட்டார். உங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலை, ரெண்டும் நிஜம்தானுங்க என்றாள். படிப்பு முடித்த புதிதில் அவளும் குரல்களோடு வாதாடி மல்லுக்கட்டியவள்தான், ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. நயினார் மறுவாரமும் வந்தார். எண்ணிக்கிட்டே வரலாமே என்று யோசனை சொன்னதும் அவர்தான். உலகம்மாள் அன்று வீட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வலது பையில் பதினொரு கொட்டை. பேருந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒரு நிறுத்தம் கடந்தால் ஒரு கொட்டை இடது பைக்கு. வலது பை காலியானால் எழுந்து இறங்க வேண்டியது, எதிரே பச்சைத் தூண். ஆறு ஒத்திகை பார்த்தார்கள். முதலில் அவள் முன்னிருக்கையில், பிறகு நடுவில், பிறகு பின்னால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் யாரோ எவரோ மாதிரி. ஆறு தடவையும் பதினோராவது கொட்டைக்கு நயினார் எழுந்தார். ஆறாவது தடவை இறங்கியதும் அவர் இடது பையைத் தட்டிக் காட்டிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

கைப்பையின் உள்ளறையில் தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது, எங்கே போகும். மூன்றாவது தடவையாகத் தொடுகிறாள். ஒவ்வொரு புதுக் காரியத்துக்கு முன்பும் என்ன நடக்குமென்று நினைக்கிறார்கள், எவ்வளவு உறுதியாக நினைக்கிறார்கள் என்று நூற்றுக்கு எண் போட்டு எழுதச் சொல்வது அவள் வழக்கம். காரியம் முடிந்ததும் பிரித்துப் படிப்பார்கள்; பயந்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று தாளே காட்டிக்கொடுக்கும். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காததை நேற்று நயினார் கேட்டார். "நீங்களும் எழுதுங்க மேடம். நான் மட்டும் எழுதினா அது பரிச்சை மாதிரில்லா இருக்கு." ஆளுக்கொரு தாள் எழுதி மடித்துக்கொண்டார்கள். அவருடையது அவர் சட்டைப்பையில் வரும். அவளுடையதில் நயினார் வந்துவிடுவார் என்று எழுதி, பக்கத்தில் எண் போடும்போது பேனா ஒரு நொடி நின்றது, பிறகு 60 என்று போட்டது. அறுபது! உலகம்மாளிடம் கண்டிப்பா வந்துருவாருங்க என்று அடித்துச் சொன்ன வாய், எழுத்தில் அறுபது என்கிறது. ராத்திரி படுக்கையில் கிடந்தபோது அந்த அறுபது கூடவே கிடந்தது. ஆறை எட்டாக்க ஒரு வளைவு போதும், பேனா பைக்குள்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று இப்போதும் ஓர் எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை வந்தது போனது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதையும் அவள்தான் நடத்துகிறாள். அது போகவில்லை, பைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அப்போது மேற்கே பேருந்து தெரிந்தது.

கூட்டமென்றால் கூட்டம், படிக்கட்டில்கூட ஆட்கள். நிறுத்தத்தில் பேருந்து நின்றது. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். குடையோடு ஒருவர், வாழை இலைக் கட்டோடு ஒருவர், மூச்சிரைத்துக்கொண்டு ஓர் அம்மாள். கோகிலவாணி தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெளிர்நீலச் சட்டை, நேற்றே சொல்லியிருந்தார், வெளிர்நீலச் சட்டை எங்கே. விசில் அடித்தது. வெளிர்நீலச் சட்டை இறங்கவில்லை. பேருந்து புகையை அவள் முகத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போயேபோய்விட்டது. ஒன்பது ஐம்பத்திரண்டு. ஏறியிருக்கமாட்டார். ஏறி நடுவழியில் இறங்கியிருப்பார். பலகை ஏதாவது சொல்லியிருக்கும். அடுத்த பேருந்தில் வரலாமே, ஏன் வரக்கூடாது, கூட்டம் பார்த்து அடுத்ததற்கு நின்றிருப்பார், இல்லை, நயினார் பேட்டையில் ஒன்பது ஐந்து வண்டி என்றால் ஒன்பது ஐந்து வண்டிதான், வேறு வண்டியில் ஏறுகிற ஆளா அவர். போனில் கூப்பிடலாமென்றால் அவரிடம் போன் கிடையாது. போன் ஒட்டுக்கேட்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை, அதை அடுத்த மாதத்துக்கென்று வைத்திருந்தார்கள். அவசரப்பட்டுவிட்டோமோ? பன்னிரண்டு ஒத்திகை வைத்திருக்கலாம், இருபது வைத்திருக்கலாம். ஒரு மனுஷனுடைய தைரியத்தைத் திங்கட்கிழமைக்குள் முடிக்க நான் யார்?

"யாரத் தேடுதிய மேடம்?" என்று கேட்டாள், நிழற்குடைக்குப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த மாரித்தாய். தினமும் நிலையத்துக்குப் போகும்போது பார்த்துச் சிரித்துக்கொள்கிற பழக்கம்.

"பேட்டையில இருந்து ஒருத்தர் வரணுங்க. இந்த வண்டியில காணோம்."

"அது இன்னைக்கு டவுனுக்குள்ள போகாம சுத்தில்லா வருது. அம்மன் கோயில் கொடை. தெருவ அடைச்சுப் பந்தல் போட்டாச்சு. நடுவுல நாலு ஸ்டாப்பு கிடையாது. நானே காலையில பூ வாங்கப் போயிட்டு அப்படித்தான் சுத்தி வந்தேன்."

நாலு ஸ்டாப்பு கிடையாது. கோகிலவாணி அதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், பிறகு விரல் விட்டு எண்ணினாள். பதினொன்றில் நாலு போனால் ஏழு. அந்த வண்டி இங்கே நின்றபோது நயினாருடைய இடது பையில் ஏழு கொட்டைதான் இருந்திருக்கும், வலது பையில் நாலு மிச்சம். நாலு மிச்சம் இருக்கையில் அவர் எதற்கு எழுவார். வண்டியில்தான் இருந்தார், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பையில் கைவைத்தபடி, ஒழுங்காக, சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டு, அவளை உரசாத குறையாகக் கடந்து போய்விட்டார். கோயில் கொடைத் திருவிழா என்று ஆடி பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் மைக் செட் அலறுகிறது, அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், கோபிச்செட்டிபாளையத்துக்காரியான அவளுக்கு அது வெறும் பாட்டாகக் கேட்டிருக்கிறது, அடைத்த தெருவாகக் கேட்கவில்லை. அவருடைய பயம் முழுவதையும் கணக்கில் வைத்தவள் பேருந்து வழி மாறும் என்பதைக் கணக்கில் வைக்கவில்லை. திட்டத் தாளில் அதற்கென்று ஒரு வரியே இருக்கிறதே, எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது என்று. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது என்று அவள் எழுதினாள், நயினார் கோடு போட்டு அடித்துவிட்டார். "அது மட்டும் முடியாது மேடம். கேட்டா அவங்க மூஞ்சி மாறும், நான் பாத்திருக்கேன்." சரி, பிறகு பார்ப்போம் என்று அந்த வரியை வெறுமையாக விட்டாள். அதற்குப் பதிலாக அவர் இன்னொரு வரி கேட்டு வாங்கிக்கொண்டார்: பத்தரை மணி வரை மேடம் பச்சைத் தூணை விட்டு நகரமாட்டார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் அவர் எங்கே இறங்கியிருப்பார் என்று இப்போது தெரியும், இன்னும் நாலு நிறுத்தம், ஆட்டோவில் ஆறு நிமிஷம். தெரிந்துகொண்டே தூணைக் கட்டிக்கொண்டு நிற்பதா? அங்கே பச்சைத் தூண் இருக்காது, அவள் இருக்கமாட்டாள், சுற்றிலும் பலகைகள், சூப்பர்வைசருக்குக் கொண்டாட்டம். அவள் கை நீட்டுவதற்குள் ஆட்டோ வந்து நின்றது, இந்த ஊர் ஆட்டோக்காரர்களுக்கு மனதில் நினைப்பது கேட்கும் போலிருக்கிறது. "எங்க போவணும் மேடம்?" என்றார் ஓட்டுநர். நேரா, நாலு ஸ்டாப்பு தள்ளி, என்று சொல்லிக்கொண்டே வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். ரெக்சின் இருக்கை வெயிலில் சுட்டது. அந்தச் சூட்டில் ஜெசிந்தா நினைவுக்கு வந்தாள். வருவாளென்று தெரியும், காலையிலிருந்தே அவளைச் சுற்றிச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தது மனது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், சேலத்தில், தையல் வகுப்பு வாசலுக்கு வந்துருங்க ஜெசிந்தா, நான் நிப்பேன் என்று சொல்லி நின்றாள், இருபது நிமிடம்தான் நின்றாள். ஒரு கூட்டம் இருந்தது, என்ன கூட்டம் என்று இன்று நினைவில்லை, முக்கியமான கூட்டம். ஜெசிந்தா நாற்பது நிமிடம் தாமதமாக வந்திருக்கிறாள், வாசலைப் பார்த்திருக்கிறாள், திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த வகுப்புக்கும் எந்த நிலையத்துக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு சொன்னாள், நீங்க அங்க இல்லை, அவங்க சொன்னது சரியாப் போச்சு. அவங்க என்பது ஜெசிந்தாவுக்குக் கேட்கும் குரல்கள். கோகிலவாணி தன் வாழ்க்கையில் அவற்றுக்கு உபயம் செய்தது அந்த ஒரு தடவைதான். ஆட்டோவுக்குள் இருந்த காலைப் பார்த்தாள். வெளியே இருந்த காலையும் பார்த்தாள். நான் தேடிக்கொண்டு போய்விட்டால், அவர் வேறு வழியில் வந்து தூணைப் பார்த்தால்? அவர் தேடுகிற இடத்தில் நான் இருக்கிறேன் என்பதைத் தவிர நான் அவருக்கு வேறென்ன கொடுத்திருக்கிறேன்?

"இல்லீங்கண்ணா, வேண்டாம். மன்னிச்சுக்கோங்க" என்று காலை எடுத்துக்கொண்டாள். ஓட்டுநர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாரித்தாயையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

பத்து ஐந்து. பத்து பதினொன்று. நேரம் இப்படி ஊரும் என்று நிலையத்தில் யாராவது சொன்னால் தலையாட்டிக் குறித்துக்கொள்வாள், இப்போதுதான் அது எந்த வேகமென்று தெரிகிறது. போன் அடித்தது. உலகம்மாள். எடுக்காமல் இருக்கலாமா என்று ஒரு கணம் கோழைத்தனமாக நினைத்தாள். எடுத்தாள்.

"வந்துட்டானாம்மா?"

"இன்னும் இல்லீங்கம்மா. பஸ்ஸு இன்னைக்குச் சுத்திப் போயிருச்சு. எம்மேலதான் தப்பு, நான் அத விசாரிக்கலை. நாலு ஸ்டாப் தள்ளி இறங்கியிருப்பாருன்னு நினைக்கறேன். நான் இங்கதான் நின்னுட்டிருக்கேன்."

வசவு வரும் என்று காத்திருந்தாள், வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். உலகம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சரி. நான் புளி உடைச்சுக்கிட்டு இருக்கேன். கை சும்மா இருந்தா கிளம்பி வந்துருவேன், அதான். இன்னும் ரெண்டு கிலோ கிடக்கு. அது முடியறதுக்குள்ள சொல்லிருங்க."

பத்து இருபது. கால் கடுத்தது. தூணின் பச்சை பெயிண்ட் உள்ளங்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. மேற்கே பார்ப்பதில் இனி பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் கழுத்து மேற்கே போயிற்று, இழுத்துக் கிழக்கே திருப்பினாள். கண்ணுக்கு வெளிர்நீலமாகவே தென்பட்டது. தண்ணீர்க் குடம், கொரியர்காரன் பை, ஒரு வீட்டு மாடியில் காயும் போர்வை. நம்புகிறதைப் பார்க்கிற கண் எல்லோருக்கும் இருக்கிறது, அதில் சிலருக்கு மட்டும்தான் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறோம். பைக்குள் தாள். அறுபது. அறுபதிலிருந்து இப்போது எவ்வளவு என்று யாராவது கேட்டால்? முப்பது. இருபது. ஆனால் பேனாவை எடுக்கவில்லை. ஏற்றியும் எழுதவில்லை, இறக்கியும் எழுதவில்லை. நேற்று நினைத்தது அறுபது, அது அப்படியே கிடக்கட்டும், அவரிடம் பொய்யாக ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அவரிடம் நிஜமான எண்ணைக் கேட்பது. பத்தரை ஆயிற்று. கையெழுத்துப் போட்ட நேரம் முடிந்துவிட்டது, இனிப் போகலாம், யாரும் குறை சொல்லமுடியாது. நயினார் கடிகாரம் கட்டுவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவருக்குப் பத்தரை என்பது ஏது, தூண்தான் உண்டு. மாரித்தாய் தன் ஸ்டூலைக் காலால் தள்ளி, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தால் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியாதுங்க என்று நின்றாள்.

பத்து நாற்பத்தொன்று. சாலைக்கு அந்தப் பக்கம், கிழக்கேயிருந்து, நடைபாதையில் ஒரு வெளிர்நீலம் வந்தது. போர்வையில்லை, பையில்லை. தலையைக் குனிந்து, கடைகளின் பலகைகளை நிமிர்ந்து பாராமல், கால்களைப் பார்த்தபடி, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்ட நடந்து வந்தது. கோகிலவாணிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்ப்பக்கத்து நிழற்குடைக்கு நேரே வந்ததும் நயினார் நின்றார். பையிலிருந்து எதையோ எடுத்தார், மற்ற பையில் போட்டார். அதை முடித்த பிறகுதான் நிமிர்ந்து தூணைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க நிக்கிறத பஸ்ஸுல இருந்தே பாத்தேன் மேடம்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனா கொட்டை நாலு மிச்சம் இருந்துச்சே. அதான் இறங்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, இரண்டையும் மறைக்கத் தோன்றவில்லை. "அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"பதினொண்ணு முடிஞ்சு இறங்கினேன். பாத்தா தூணும் இல்ல, நீங்களும் இல்ல. சூப்பர்வைசர் பிடிச்சுக்கிட்டாரு. ஒன்ன ஏமாத்திட்டுப் போயிட்டா, இனி அவ நிக்க மாட்டான்னு ஒரே சத்தம். கொஞ்ச நேரம் அங்கனயே உக்காந்துட்டேன். பொறவு யோசிச்சேன். நான்தான் என் கண்ணால பாத்தேனே, அவரா பாத்தாரு? உங்களப் பாத்ததுக்கு அப்புறம் நாலு கொட்டை போட்டிருக்கேன். அப்பம் அந்த நாலையும் திருப்பிப் போட்டா நீங்க வந்துரணும். அவரு பேசிக்கிட்டேதான் வந்தாரு. நான் நடந்துக்கிட்டே வந்தேன்."

எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது என்ற அந்த வெறும் வரியில் இவ்வளவு பெரிய பதிலை அவள் எழுதியிருக்க முடியாது. உலகம்மாளுக்குப் போனைப் போட்டுக் கொடுத்தாள். "வந்துட்டேம்மா. ம். நடந்து. இல்ல, கால் வலிக்கல" என்றார் நயினார், போனைக் காதுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு. மறுமுனையில் உலகம்மாள் அழுவது தூண்வரை கேட்டது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார், வியர்வையில் ஈரமாகியிருந்தது. அவளும் எடுத்தாள். மாற்றிக்கொண்டார்கள். அவர் முதலில் பிரித்தார். அறுபதைப் படிக்கிறார் என்று அவளுக்குக் காது சூடாயிற்று. நயினார் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னையவிட இருபது கூடப் போட்டிருக்கிய" என்றார்.

அவள் அவருடைய தாளைப் பிரித்தாள். இரண்டு வரி இருந்தது. நான் போய்ச் சேருவேன், 40. அதற்குக் கீழே, கேட்காமலே அவராக எழுதிய இன்னொரு வரி: மேடம் தூண்கிட்டயே நிப்பாங்க, 100. பூஜ்யம் இரண்டும் அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது. அவள் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். சொல்லாமலும் இருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது.

"நயினார், நடுவுல ஒரு ஆட்டோவ நிறுத்தி ஒரு கால உள்ள வெச்சுட்டேனுங்க" என்றாள்.

அவர் யோசித்தார். தூணைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், அவள் செருப்பைப் பார்த்தார்.

"இன்னொரு கால் எங்க இருந்துச்சு?"

"இங்கதான்."

"அப்பம் சரி" என்று நயினார் தன் தாளை அவள் கையிலிருந்து வாங்கி, அந்த நூறில் மாற்றம் ஒன்றும் செய்யாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிலையத்தை நோக்கி அவளுக்கு இரண்டடி முன்னால் நடக்க ஆரம்பித்தார்.